பன்னிரண்டாம் மாதம்

ஆறு மணிக்கு நிறுத்தச் சொன்ன பெல்ட் ஆறேகாலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முழ அகலத்துக்குக் கறுத்த ரப்பர் பட்டை, அதன்மேல் குவியல் குவியலாக நிலக்கரி. இரண்டு பக்கமும் வரிசையாக நின்றவர்கள் கரியோடு கலந்து வரும் கல்லையும் இரும்புத் துண்டையும் பொறுக்கிப் பின்னால் எறிந்தார்கள். பட்டை சரிவில் ஏறிப்போய், கூரைக்கு அடியில் இருக்கும் பெரிய தொட்டிக்குள் கரியைக் கொட்டியது. வழக்கமாக அந்நேரத்துக்கு ஒருவர் கொட்டாவி விடுவார், இன்னொருவர் மருமகளைத் திட்டுவார். அன்றைக்குக் கொட்டாவியும் இல்லை, மருமகளும் இல்லை. கை மட்டும் எப்போதும் போல ஓடியது.

பட்டையின் தலைமாட்டில், சிவப்பு நிறுத்து பொத்தானுக்குப் பக்கத்தில், பெல்ட்டக்கா நின்றாள். பத்தொன்பது வருடமாக அங்கேயே நின்று அந்தப் பெயர் வந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பொத்தானை அமுக்க வேண்டிய கை அவளுடையது. அந்தக் கையால் முந்தானையை இழுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பதினொரு மணிக்கு விழா. அந்த மின் நிலையத்தின் கடைசிக் கரி பாய்லரை அன்றோடு அணைக்கிறார்கள். பின்னால் சாம்பல் கொட்டி மேடாகிக் கிடந்த நிலம் முழுக்க வெயிலில் கரண்ட் எடுக்கும் பலகைகள் வந்துவிட்டன. நீலநீலமாக, கண் கூசும். பெரிய விருந்தாளி வந்து மேடையில் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்குவார், புகைபோக்கியில் புகை நிற்கும், மேலே பறக்கும் கேமரா அதைப் படம் பிடிக்கும் என்பது ஏற்பாடு. பொத்தானை அமுக்கினால் பாய்லர் நின்றுவிடாது என்பது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். தொட்டி நிறைய கரி இருந்தால் ஐந்து மணி நேரம் எரியும். அதனால்தான் ஆறு மணிக்கே பெல்ட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு. தொட்டி மெல்ல வற்றி, பதினொரு மணிக்குச் சரியாகத் தீ தானாகவே படுத்துவிடும்.

"அந்தப் பச்சை பட்டன்ல ஒத்தை ஒயருதான்கா போகுது. நான் பார்த்தேன்," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார். பெல்ட்டக்காவின் வீட்டுக்காரருக்குத் தங்கை. வாய் கொஞ்சம் நீளம். "ஒயரு நேரா ஒரு பல்புக்குப் போகுது. அமுக்கினா பல்பு எரியும். அவ்வளவுதான்."

"பல்பு எரியுதுல்ல. சந்தோஷப்படு."

"பெரிய மனுசங்களுக்குக்கூட விளையாட்டுச் சாமான் வாங்கித் தர வேண்டியிருக்கு பாரு."

சுவரில் இருந்த போன் அடித்தது. வரிசை முழுக்க ஒரு நொடி கை நின்றது. பெல்ட்டக்கா கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள். மேலாளர்தான்.

"என்னக்கா, பெல்ட் வேலை எல்லாம் முடிஞ்சுதா? சரியா நடக்குதுல்ல?"

"எல்லாம் சரியா நடக்குதுங்க சார்."

"சந்தோஷம்கா. இன்னைக்கு மானத்தைக் காப்பாத்துங்க."

அவர் வைத்துவிட்டார். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. திரும்பி வந்து மறுபடி கல்லைப் பொறுக்கினாள்.

இந்த வம்பு ஆரம்பித்தது மூன்று நாளைக்கு முன்னால். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். கரி நின்ற பிறகு யார் யாருக்குப் பலகை வேலை, யார் யாருக்கு மூன்று மாதப் பயிற்சி என்று நான்கு தாள். நிரந்தரக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட இருந்தார். பெல்ட்டில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருபத்தாறு பேரில் ஒருத்தர்கூட இல்லை. நாத்தனார் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள்.

பெல்ட்டக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் கெட்டவர் இல்லை. முப்பது சொச்சம் வயது, எல்லோரையும் அக்கா அண்ணா என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொன்னார். கரி ஒட்டுமே என்று அவள் உட்காரவில்லை.

"விதி என் கையில இல்லக்கா. தொடர்ச்சியா பன்னெண்டு மாசம் வேலை பார்த்திருக்கணும். அப்பதான் பட்டியல்ல ஏறும்."

"நான் பத்தொன்பது வருஷமா பார்க்கறேனே சார்."

அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க. பதினொரு மாசம், ஒரு மாசம் இல்ல. மறுபடி பதினொரு மாசம், ஒரு மாசம் இல்ல. எல்லா வருஷமும் இப்படியேதான் இருக்கு. பன்னெண்டு போட்டாத்தான் இது ஏத்துக்கும்."

"பதினொண்ணு போட்டது நாங்களா சார்? நீங்கதானே போட்டீங்க."

"நான் இல்லக்கா. நான் வந்தே நாலு வருஷம்தான் ஆகுது." அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பன்னிரண்டாம் மாதத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வீட்டு மாசம். வருடா வருடம் பாஸ் பதினொரு மாதத்துக்குத்தான் அடிப்பார்கள். பிறகு ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டும், அப்புறம் புதுப் பாஸ். நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அந்த ஒரு மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனுசர் எதற்கும் பழகிவிடுகிறார்கள். கல்யாணம், ஆபரேஷன், கூரை மாற்றுவது எல்லாவற்றையும் வீட்டு மாசத்துக்குத் தள்ளிப் போட்டுப் பழகியிருந்தார்கள். பெல்ட்டக்கா இரண்டு பிள்ளையையும் வீட்டு மாசத்தில்தான் பெற்றாள். அப்படித் தேதி பார்த்துப் பெற்றதை ஒரு சாமர்த்தியமாகவே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது தன் முகத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு வருடமாவது முழுசாக இல்லை.

இந்த வருடக் கணக்குக்கு விழா நாளோடு பதினொரு மாதம் முடிகிறது. அன்று மதியம் பன்னிரண்டு மணியோடு பாஸ் செல்லாது. கேட்டுக்கு வெளியே போனால் போனதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரும் அங்கேதான் சாம்பல் அள்ளினார், நெஞ்சு கெட்டுப்போய் மூன்று வருடமாக வீட்டோடு. பேசுவதற்கு நடுநடுவே மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு மாசம்," என்றார். "மாசம் பூரா வேலை பார்க்கக்கூட வேணாம். அவன் பாஸ் மிஷினு மாசத்தைத் தவிர எதையும் அடிக்காது. எனக்கு ஒருதரம் ரெண்டு நாள் வேலைக்குக் கூப்பிட்டு முழு மாசப் பாஸ்தானே அடிச்சான்."

"கரியே இல்லாதப்ப நம்மள எதுக்குக் கூப்பிடப் போறான்?"

"கரி இல்லாட்டித்தானே."

அவர் அதைச் சும்மா சொன்னாரோ, யோசித்துச் சொன்னாரோ, அவளுக்குத் தெரியாது. அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஆறு வருடத்துக்கு முன்னால் பாய்லர் குழாய் வெடித்துத் திடீரென்று நின்றபோது, தொட்டி நிறைய கரி மாட்டிக்கொண்டது. கரி கிடந்தால் தானாகச் சூடேறும். மறுநாளே உள்ளே புகைய ஆரம்பித்துவிட்டது. இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, மூன்று நாள் வெட்டி எடுத்தார்கள். இறங்கியது பெல்ட் ஆட்கள்தான். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது, தெரிந்தவனும் இறங்கமாட்டான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் இருபத்தாறு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"போலீசு வந்தா?" என்றார் ஒருவர்.

"வந்து என்னன்னு புடிப்பான்? வேலை செஞ்சாங்கன்னு புடிப்பானா?" என்றாள் நாத்தனார்.

முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததிலேயே பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

தீயைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணனிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தொட்டியில் எவ்வளவு கரி இருக்கிறது என்று காட்டும் முள் அவர் கண் முன்னால்தான் இருக்கும். அவர் நிரந்தரக்காரர், பட்டியலில் முதல் தாளிலேயே இருந்தார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"எனக்கு இந்தக் கண்ணாடி சரியில்லம்மா," என்றார். "கிட்டத்துல இருக்கிறது ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. மாத்தணும்."

இப்படித்தான் விழா நாளில் பெல்ட் நிற்காமல் ஓடியது. எட்டு மணிக்கும் தொட்டி துளிகூட வற்றவில்லை. ஒன்பதரைக்கு வாய் வரைக்கும் குவிந்து, பக்கவாட்டில் சிந்த ஆரம்பித்தது. அதன் பிறகும் தீ தின்னத் தின்ன நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கடைசி நாளில் போனதைப் போல அவ்வளவு சுத்தமான கரி அந்தப் பாய்லருக்குள் என்றைக்கும் போனதில்லை. ஒரு கல்கூட விடவில்லை. அது அவர்களுக்கே ஒரு வீம்பாகிவிட்டது.

பத்தரைக்குக் கீழே பாட்டு போட்டார்கள். தகரச் சுவரில் இருந்த இடுக்கு வழியாகப் பெல்ட்டக்கா பார்த்தாள். பந்தல், வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், புதிதாக நட்ட செடிகளுக்கு ஒருவர் அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விருந்தாளியின் கார்கள் வந்துவிட்டன. மேடையில் பேச்சு ஆரம்பித்தது. பின்னால் புகைபோக்கி, கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி, குபுகுபுவென்று விட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் பந்தலின் ஓரமாக நடந்து, பந்தல் முடிந்ததும் ஓடினார்.

அவர் நேரே போனது பாய்லர் அறைக்கு. அங்கே நடந்ததைப் பாய்லர் அண்ணன் பிற்பாடு வரிக்கு வரி சொன்னார்.

"ஏன் இன்னும் எரியுது?"

"கரி இருக்கு சார், எரியுது."

"நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

"தாராளமா நிறுத்திடலாம் சார். நிறுத்த அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல புகை நின்னுடும். ஆனா தொட்டி ரொம்பி வழியுது. கரி அப்படியே கிடந்தா நாளைக்கு உள்ளேயே புடிச்சுக்கும். அதுக்குள்ள ஆள் இறங்கி வெட்டி எடுத்தாகணும். யார் எடுக்கறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

"யார் எடுப்பாங்க?"

"வழக்கமா எடுக்கறவங்க மேலதான் இருக்காங்க." அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருப்பாங்க."

பெல்ட் மேடைக்குத் தொண்ணூற்றாறு படி. மேலாளர் வந்து சேர்ந்தபோது பேச மூச்சில்லை. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிடித்து ஏறி வந்த கம்பியில் இருந்த கரி இரண்டு உள்ளங்கையிலும் அப்பியிருந்தது.

"என்னக்கா இது. ஆறு மணிக்கு நிறுத்தச் சொன்னேன்ல."

"சொன்னீங்க சார்," என்றாள் பெல்ட்டக்கா. "கடைசி நாளாச்சே. நிறுத்த மனசு வரல."

"விளையாடாதீங்க. கீழ எத்தனை கேமரா நிக்குது தெரியுமா? என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க போல."

"பட்டியல்ல உங்க பேர் இருக்குல்ல சார்?" என்று கேட்டாள் நாத்தனார், பொறுக்கிய கல்லைக் கீழே போடாமலேயே.

பெல்ட் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்ததால், மேலாளர் அடுத்ததைப் பெல்ட்டக்காவின் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார். "சரி, மூணு நாள் கூலி என் கையால தரேன். ரெண்டு பங்கா வேணும்னாலும் தரேன். பாய்லரை நிறுத்தறேன், நீங்க இறங்கி எடுத்துக் குடுத்துடுங்க. முடிஞ்சுது."

"பன்னெண்டு மணிக்கு எங்க பாஸ் முடியுது சார். பாஸ் இல்லாத ஆள் உள்ள நின்னா குத்தம்னு நேத்துதானே கேட்டுல போர்டு மாட்டினீங்க."

"அதை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்க்க வேணாம். பாஸ்ல இருக்கட்டும்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்குக் கணக்கு புரிந்தது. முகத்திலேயே தெரிந்தது, கூட்டிப் பார்த்துவிட்டார்.

"ஒரு மாசம் நீட்டினா பன்னெண்டு ஆயிடும்," என்றார் மெதுவாக.

"ஆமா சார். பன்னெண்டு ஆயிடும்."

"இதுக்குத்தான் இவ்வளவுமா?"

"இதுக்கேதான்." பெல்ட்டக்கா மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "கரி நிக்கக் கூடாதுன்னு இங்க ஒருத்தரும் சொல்லல. நல்லா நிக்கட்டும், ஒழிஞ்சு போகட்டும். எங்க வீட்டுக்காரர் நெஞ்சுல இருக்கிறது பூரா இந்த இடத்துக் கரிதான். இருமினா இன்னும் கறுப்பாத்தான் வருது. அந்தப் பலகை வேலையில துப்பினா வெள்ளையா வருமாமே. எங்களுக்கும் அப்படித் துப்பணும்னு ஆசை சார்."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. அவர் பையில் போன் அடித்தது, எடுத்துப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டார். மறுபடி அடித்தது. இருபத்தாறு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு கல் பொறுக்கினார்கள்.

"நாளைக்குப் போட்டுத் தரேன்கா. சத்தியமா."

"நாளைக்கு நாங்க கேட்டுக்கு வெளிய நிப்போம் சார். அங்கேர்ந்து கத்தினா உங்க ரூமுக்குக் கேக்காது."

அவர் கீழே ஓடினார். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார், கேட்டு குமாஸ்தாவின் முத்திரைக் கட்டையையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு. இரண்டாம் தடவை படி ஏறியதில் தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்த மனிதரைப் பார்க்க அவளுக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. பிறகு பத்தொன்பது வருடத்தை நினைத்துக்கொண்டாள். பாவம் போய்விட்டது.

தொட்டியின் இரும்பு மூடிதான் மேசை. கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றி ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒரு மாதம் நீட்டிப்பு, தேதி, கையெழுத்து. பத்தாவது பாஸுக்குள் அவர் முத்திரை குத்துகிற இடமெல்லாம் கறுப்பு ரேகை விழுந்தது.

"கம்ப்யூட்டர்ல சார்?" என்றாள் பெல்ட்டக்கா.

"அதுலயும் ஏத்தச் சொல்லிட்டேன்."

"ஏத்தியாச்சான்னு கேட்டுடுவோம்." சுவர்ப் போனை எடுத்துக் கேட்டுக்குப் போட்டாள். குமாஸ்தா ஒவ்வொரு பாஸ் எண்ணாகப் படித்தான். அவள் திருப்பிச் சொல்லச் சொல்ல, அவரவர் தலையை ஆட்டினார்கள். பதினேழாவது எண்ணை விட்டுவிட்டான். விட்டதைச் சொல்லி ஏற்றவைத்தாள். இருபத்தாறும் முடிந்தபிறகு, மேலாளரைப் பார்க்காமல், போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பெல்ட் இழுத்து இழுத்து நின்றது. அந்த மேடையில் அவ்வளவு அமைதியை அவர்கள் கேட்டதே இல்லை. ஒருத்தி காதுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"அண்ணே," என்று போனில் பாய்லர் அறைக்குச் சொன்னாள், "நிறுத்திக்குங்க."

மேலாளர் சட்டையில் கையைத் துடைக்கப் போய், பார்த்து, அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். "சீக்கிரம் இறங்கிடுங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். கீழே விருந்தாளிக்கு முன்னால் பேசுகிறவரிடம் ஒரு துண்டுச் சீட்டு போயிற்று. அவர் முடிக்கப் போன பேச்சை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆண்கள் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டக்கா பாஸை ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தி, இடுப்பில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னொரு ஆள் இறங்கட்டுமே. உனக்கு வயசாகுதுல்ல," என்றாள் நாத்தனார். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கயிற்றின் மறுமுனையை வேறு யாரிடமும் கொடுக்காமல் தன் கையிலேயே சுற்றிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் உன் அண்ணன்கிட்ட போய், உன் பொண்டாட்டி பலகை துடைக்கிறான்னு சொல்லணும்ல. கயித்த விட்டுடாதடி."

தொட்டிக்குள் இறங்கியதும் கால் முழங்கால் வரை புதைந்தது. கரி ஏற்கனவே உள்ளங்காலில் சுட்டது. மேலே ஒரு சதுரத் துண்டு வெளிச்சம், அதில் நாத்தனாரின் தலை. அதற்கும் மேலே எங்கேயோ, படம் பிடிக்கும் கேமரா வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு சுற்றியது. இன்னும் ஐந்து மணி நேரம் விட்டிருந்தால் இந்தக் கரி தானாக எரிந்து தீர்ந்திருக்கும். படத்தில் புகை விழக் கூடாது என்பதற்காக மூன்று நாள் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் இறங்கினார்கள். நான்கு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று வெட்டத் தொடங்கினார்கள்.

தகரத்தைத் தாண்டி ஒலிபெருக்கி கேட்டது. புகை நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்திருக்க வேண்டும், ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. விருந்தாளியின் குரல் கணீரென்று வந்தது. இந்த நிமிடத்திலிருந்து, இந்தச் சுவர்களுக்குள், எந்த ஒரு மனிதரும் இனிக் கரியில் கை வைக்க வேண்டியதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நாத்தனார் வெற்றுச் சட்டியைக் கயிற்றில் இறக்கினாள். பெல்ட்டக்கா அதை வாங்கி நிரப்பி, இழுக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டினாள். கைதட்டல் ஓய்வதற்குள் முதல் சட்டிக் கரி மேலே போயிற்று.